மூன்றாம் இரவின் பதிவேடு: ஒரு குறும்படப் படப்பிடிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

2025 ஜனவரியில், பொங்கல் முடிந்து சீனப் புத்தாண்டு வருவதற்குள், மலேசியாவின் பினாங்கு பெருநிலத்தின் தென்பகுதியில் ஒரு தமிழ்க் குறும்படத்தின் படப்பிடிப்பு நடந்தது. மூன்றாம் இரவில் போலீஸ் வந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, யார் மீதும் வழக்கு இல்லை. ஆனால் இரண்டுக்கும் இடம் இருந்த இரவு அது. நான் அந்தப் படத்தின் தயாரிப்பு நிர்வாகி. கீழே வரும் தவறுகளில் பாதி நான் சரி என்று சொன்னதால் நடந்தவை. சம்பந்தப்பட்டவர்களின் பெயரையும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் விட்டுவிட்டேன். சீருடை, போலித் துப்பாக்கி, இரவுச் சத்தம் இவற்றில் ஏதாவது ஒன்றை வைத்துப் படம் எடுக்கப்போகிற நம் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பின்னணி

இயக்குநர் பட்டர்வொர்த்தில் விமானப்படைத் தளத்தின் வேலிக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். 1958 முதல் 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படையின் கையில் இருந்து, அப்புறம் நம் விமானப்படைக்கு வந்த தளம் அது. அவருடைய அப்பா அங்கே புல் வெட்டும் வேலை பார்த்தவர். "வேலிக்கு உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாமலேயே வளர்ந்தேன், அதனாலதான் இந்தக் கதை" என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார்.

கதைக்கு இன்னொரு விதையும் உண்டு. 2000 ஜூலை 2ஆம் தேதி பேராக்கில், ராணுவ அதிகாரிகளைப் போல் சீருடை அணிந்த ஒரு கும்பல், திடீர்ச் சோதனைக்கு வந்திருப்பதாகச் சொல்லி முகாமுக்குள் நுழைந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆயுதங்களை அள்ளிக்கொண்டு போனது. சாவுக் என்ற ஊர் அருகே ஒரு குன்றில் பதுங்கிய அவர்களை ராணுவம் சுற்றி வளைத்தது. 6ஆம் தேதி முடிவுக்கு வந்த அந்த முற்றுகையில், பிணையாகப் பிடிபட்டவர்களில் இருவர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தமிழர், துப்பறியும் போலீஸ்காரர். எங்கள் வீடுகளில் அந்த வாரம் தொலைக்காட்சி அணையவே இல்லை. வாசலில் துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை, சீருடையும் பேச்சும்தான் கதவைத் திறந்தன என்பது இயக்குநரின் மனதில் பதிந்துவிட்டது.

படத்தின் கதை இதுதான்: இடம் மாற்றப்படவிருக்கும் ஒரு சிறிய ஆயுதக் கிடங்கு முகாம். கடைசி இரவில் ஒரே ஒரு லான்ஸ் காப்ரல் காவலில் இருக்கிறான். இரண்டு மணிக்கு இரண்டு வண்டிகள் வருகின்றன. அதிகாரி உடையில் இருப்பவர் கேட்டைத் திறக்கச் சொல்கிறார். அவன் திறக்கவில்லை. அங்கிருந்து விடியும் வரை படம்.

நடிகர்களையும் சேர்த்து மொத்தம் 16 பேர். பட்ஜெட் 38,000 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து இரவுகள்.

ஆலோசகர் சொன்னவை

ராணுவத்தில் 21 ஆண்டு பணியாற்றி சார்ஜனாக ஓய்வுபெற்ற ஒருவரை ஆலோசகராக வைத்துக்கொண்டோம். எல்லாருக்கும் அவர் 'அங்கிள்'. சம்பளம் கேட்கவில்லை, பெட்ரோலும் சாப்பாடும் போதும் என்றார். இந்தப் படத்துக்கு நாங்கள் எடுத்த மிகச் சரியான முடிவு அவர்தான். அவர் சொன்னதைப் பாதி மட்டும் கேட்டது மிகத் தவறான முடிவு.

திரைக்கதையின் முதல் படியைப் படித்துவிட்டு அவர் முதலில் செய்தது தோட்டா எண்ணுவது. எம்16 துப்பாக்கியின் பெரிய மேகசினில் 30 தோட்டா. விசையை அழுத்திப் பிடித்தால் நிமிடத்துக்கு 700 முதல் 950 வரை போகும் வேகம். அப்படியானால் ஒரு மேகசின் இரண்டு, இரண்டரை வினாடியில் காலி. "தம்பி, உங்க ஹீரோ மொதல் நிமிஷத்திலேயே வெறுங்கைதான்" என்றார் இயக்குநரிடம். காவலில் இருப்பவனுக்குத் தோட்டா எண்ணித்தான் கொடுப்பார்கள், எண்ணித்தான் திரும்ப வாங்குவார்கள். இரண்டு மணி நேரம் நிற்பது, நாலு மணி நேரம் படுப்பது, மறுபடி நிற்பது. அந்தத் தூக்கக் கலக்கத்தில் அவனிடம் இருக்கும் உண்மையான ஆயுதங்கள் மூன்று: டார்ச் விளக்கு, தொலைபேசி, யார் எப்போது வந்தார் போனார் என்று எழுதும் பதிவேடு. இதைக் கேட்ட பிறகு இயக்குநர் திரைக்கதையை மாற்றி எழுதினார். சண்டை குறைந்து, கேட்டருகே நடக்கும் பேச்சு நீண்டது.

அங்கிள் இரண்டாவதாகச் சொன்னது எங்களுக்கு. படத்துக்குச் செய்யும் ஐந்து மரத் துப்பாக்கிகளுக்கும் எண் எழுத வேண்டும். செட்டை விட்டு வெளியே போகக்கூடாது. ஒவ்வொரு முறையும் யார் எடுத்தார், எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குத் திரும்ப வைத்தார் என்று எழுத வேண்டும். மரக்கட்டைக்கா இவ்வளவு என்று நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயன்படுத்தும் நோட்டுப் புத்தகம் ஒன்றை 2 வெள்ளிக்கு அவரே வாங்கி, கோடு போட்டு, உதவி இயக்குநர் பெண்ணிடம் கொடுத்தார்.

இடமும் அனுமதியும்

முதலில் பத்து மாவுங் மலையில் 1930களில் பிரிட்டிஷார் கட்டிய கோட்டையைப் பார்த்தோம். இப்போது அது போர் அருங்காட்சியகம். சுரங்கப்பாதையும் பீரங்கி மேடையும் கதைக்கென்றே செய்துவைத்தது போல இருந்தன. ஆனால் அது பழைய போர்க்காலத்து இடம் என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும், எங்கள் கதை இன்றைக்கு நடப்பது. தவிர, இரவில் ஜெனரேட்டரும் விளக்கும் மலைமேல் ஏற்ற எங்களிடம் ஆளும் இல்லை, காசும் இல்லை.

கடைசியில் கிடைத்தது மூடிக்கிடந்த ஒரு தோட்டத்து ரப்பர் ஆலை. பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்து பல காலம் ஆகிவிட்டது. தகரக் கூரை, கம்பி வேலி, ஒரு இரும்புக் கேட், வெளிச்சம் போட்டால் அப்படியே முகாம். ஆலைக்குப் பின்னால் ஒரு கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் பழைய தோட்டத்து ஆட்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இருக்கும் வீட்டு வரிசை, நேர்கோட்டில் சுமார் 300 மீட்டர். அதையும் தாண்டி ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி), சுமார் 700 மீட்டர். முன்பக்கம் அரைக் கிலோமீட்டர் மண் பாதை போய்ப் பெரிய சாலையில் சேரும். பத்து காவான் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களின் சாலை அது.

அனுமதிகளைப் பொறுத்தவரை நாங்கள் சோம்பேறிகளாக இல்லை. தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் வேலைகளை முடித்தோம், நில உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம், வட்டாரப் போலீஸ் நிலையத்தில் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கினோம். மலேசியாவில் போலித் துப்பாக்கி விளையாட்டுப் பொருள் அல்ல. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே அதற்கு இடம் உண்டு. அதைக் காட்டிக் குற்றம் செய்தால் 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் சிறையும் பிரம்படியும் இருக்கின்றன. ஜெல் குண்டுத் துப்பாக்கி வாங்கலாம் என்று ஒருவர் சொன்னபோது அங்கிள் அந்தப் பேச்சையே வெட்டிவிட்டார். அதனால் பலகையும் பிவிசி குழாயும் வைத்துக் கலை இயக்குநர் கையால் செய்த துப்பாக்கிகள். சீருடையிலும் நம் ராணுவத்தின் சின்னம் எதுவும் இல்லை, கற்பனைச் சின்னம்தான் தைத்தோம். இவை எல்லாம் கடிதத்தில் இருந்தன.

கடிதத்தில் இல்லாதது கால்வாய்க்கு அந்தப் பக்கத்து மனிதர்கள். அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கால்வாய் ஒரு வேலி என்று நினைத்துவிட்டோம். அது இரண்டு போலீஸ் நிலையங்களின் எல்லைக்கோடும்கூட என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது.

முதல் இரண்டு இரவுகள்

முதல் இரவில் சுடும் காட்சிக்கு உதவி இயக்குநர் கைதட்டினார், நடிகர்கள் குனிந்தார்கள். திரும்பப் போட்டுப் பார்த்தால் கபடி ஆடுகிறவர்கள் போல இருந்தது. உண்மையான சத்தம் கேட்டால்தான் உடம்பு உண்மையாக அதிரும் என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்தார். பட்டாசு வேண்டாம், அது சட்டச் சிக்கல் என்று நான் மறுத்தேன். அப்படியானால் ஒலிபெருக்கி என்றார். கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் போடும் ஒருவர் அவருக்குப் பழக்கம். தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்ததால் பெட்டிகள் சும்மா கிடந்தன. இரவுக்கு 150 வெள்ளி. துப்பாக்கியும் இல்லை, வெடியும் இல்லை, வெறும் ஒலிப்பதிவுதானே என்று பத்து நிமிடத்தில் சரி என்றேன். கடிதத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வரவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும், நாங்கள் பிறகு உட்கார்ந்து போட்ட கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். பெட்டிக்கு ஒரு மீட்டரில் 115 டெசிபல் இருந்தால், 300 மீட்டரில் சுமார் 65, 700 மீட்டரில் சுமார் 58. சாதாரணமாகப் பேசும் குரலின் அளவு அது. பகலில் லாரிச் சத்தத்தில் அமுங்கிவிடும். நடு இரவில், தவளைச் சத்தம் தவிர வேறெதுவும் இல்லாத கிராமத்தில், அமுங்காது. போதாததற்கு, காற்றில்லாத வறண்ட இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து மேலே உள்ள காற்று சூடாக நின்றால், மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து தரைக்கே வரும். பினாங்கில் ஜனவரி அப்படிப்பட்ட மாதம். ஆலையின் தகரச் சுவர் சத்தத்தைக் கால்வாய்ப் பக்கம் திருப்பிவிட்டதும் சேர்ந்துகொண்டது.

இரண்டாம் இரவு ஒலிபெருக்கியோடு நடந்தது. நடிப்பு நன்றாக வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். எங்களிடம் யாரும் வந்து புகார் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு தெரிந்தது: தாமானில் இருந்தவர்கள் சீனப் புத்தாண்டுப் பட்டாசு என்று நினைத்திருக்கிறார்கள். வீட்டு வரிசையில் சிலர் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு மைக் செட் சோதனை செய்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். புகார் இல்லாததைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பதிவேடு இந்த இரண்டு இரவும் ஒழுங்காக இருந்தது. ஐந்து எண்கள், எடுத்த நேரம், வைத்த நேரம், கையெழுத்து. இப்போது பார்த்தாலும் அழகாக இருக்கிறது.

மூன்றாம் இரவு

அன்று எடுத்தது படத்தின் உச்சக்காட்சி. ஒலிபெருக்கியில் ஒற்றைச் சூடு மட்டுமல்ல, தொடர் சூடு, நடுவில் ஓர் ஆளின் அலறல். ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். ஏழு முறை எடுத்தோம்.

11.20க்கு நாயகன் மூன்றாம் எண் துப்பாக்கியை எடுத்ததாகப் பதிவேட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு உதவி இயக்குநர் பெண்ணை நான் நாசி கண்டார் வாங்க அனுப்பினேன். வழக்கமாகப் போகும் பையனுக்குக் காய்ச்சல். பதிவேட்டை யாரிடம் கொடுப்பது என்று அவள் கேட்டாள். "மேசை மேல வை, நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்க்கவில்லை. ஜெனரேட்டரில் எண்ணெய் தீரப்போகிறது என்று யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன். அனுமதிக் கடிதங்கள் இருந்த கோப்பு அவள் எடுத்துக்கொண்டு போன காரில் இருந்தது. அதுவும் எனக்கு நினைவில்லை.

நாயகனாக நடித்தவர் பகலில் மோட்டார் பட்டறை நடத்துகிறவர், சுங்கை பட்டாணிக்காரர். இடைவேளையில் மனைவிக்குப் போன் செய்ய வேண்டும். ஆலைக்குள் சிக்னல் கிடைக்காது. மண் பாதையில் நடந்துகொண்டே போய்ப் பெரிய சாலையோரம் நின்றுவிட்டார், முழுச் சீருடையில், முகத்தில் கரி பூசி, தோளில் மூன்றாம் எண்ணோடு. தோளில் அது இருப்பதே மறந்துவிட்டது என்று பிறகு சொன்னார். நான் நம்புகிறேன். மூன்று இரவாக அது அவர் உடம்பின் ஒரு பகுதியாக இருந்தது, நடிப்புக்காக நாங்களே அப்படி இருக்கச் சொன்னோம்.

11.40 வாக்கில் ஷிப்டு முடித்து வந்த ஒரு மோட்டார் சைக்கிள்காரர் அவரைப் பார்த்திருக்கிறார். நிற்காமல் போய், தாமான் வாசலிலிருந்து 999க்கு அழைத்திருக்கிறார். அதே நேரத்தில் வீட்டு வரிசையிலிருந்தும் ஓர் அழைப்பு: துப்பாக்கிச் சத்தம், ஆள் கத்தும் சத்தம். இரண்டு தகவலையும் சேர்த்துப் பாருங்கள். ஜொகூரில் உலு திராம் போலீஸ் நிலையத்துக்குள் ஒருவன் புகுந்து இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றது 2024 மே 17ஆம் தேதி. எட்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை… ஆகி நாலைந்து நாள் இருக்கலாம். ரோந்துக் காரில் வந்த இருவரும் அதை மறந்திருக்க வாய்ப்பில்லை.

11.55. வெளிச்சம் அடித்தது. "லெத்தாக்! லெத்தாக் பாவா! ஆங்காட் தாங்கான்!" கீழே வை, கையைத் தூக்கு என்று மலாயில் வந்த குரல் ஆலை வரை கேட்டது. நான் ஓடப்போனேன். அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓடாதீங்கம்மா. நடங்க. கை ரெண்டும் தெரியட்டும்." பின்னால் வந்த மற்ற நடிகர்களை அப்படியே தரையில் உட்காரச் சொன்னார், சீருடைக்காரன் எவனும் நகரக்கூடாது என்றார். பிறகு இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருவதற்கு முன்பே, மலாயில் உரக்கத் தன் பெயரையும் பழைய ராணுவ எண்ணையும், இது படப்பிடிப்பு, அது மரக்கட்டை, என்னோடு ஒரு பெண் வருகிறார் என்றும் சொல்லிக்கொண்டே நடந்தார். அந்த ஐந்நூறு மீட்டர் எவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்குத் தெரியாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாயகன் மண்டியிட்டு, கைகளைத் தலைக்குப் பின்னால் வைத்திருந்தார். துப்பாக்கி இரண்டடி தள்ளிக் கிடந்தது. அவர் உடனே கீழே வைத்துவிட்டார், அதுதான் அவரைக் காப்பாற்றியது. கையில் இருந்த போன் இணைப்பு துண்டிக்கப்படவில்லை. மறுமுனையில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிலையத்தில்

எல்லாரையும் கூட்டிப்போய் ஒவ்வொருவராக வாக்குமூலம் வாங்கினார்கள். மரியாதையாகவே நடத்தினார்கள். முத்திரையிட்ட கடிதத்தின் நகல் பன்னிரண்டரைக்குத்தான் வந்து சேர்ந்தது, 16 பொட்டலம் நாசி கண்டாரோடு. அதைப் படித்த அதிகாரி, கடிதம் சரிதான், ஆனால் இது கால்வாய்க்கு இந்தப் பக்கத்து நிலையத்துக்குக் கொடுத்தது, அழைப்பு வந்ததும் கார் போனதும் அந்தப் பக்கத்திலிருந்து என்றார். அப்புறம் கடிதத்தில் ஒலிபெருக்கி எங்கே என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

காலை நாலரைக்கு விட்டார்கள். ஐந்து மரத் துப்பாக்கிகளும் பறிமுதல். சீருடைகளைப் படமெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். சில வாரங்கள் கழித்து, மேல்நடவடிக்கை இல்லை, இனி இப்படி நடக்கக்கூடாது என்ற எச்சரிக்கையோடு விஷயம் முடிந்தது. ரோந்துக் காரில் வந்த இருவரில் இளையவர் அங்கிளிடம் தனியாகப் பேசியிருக்கிறார். துப்பாக்கி உறையின் பொத்தானைக் கழற்றிவிட்டேன் அங்கிள், அவர் திரும்பிய வேகம் கொஞ்சம் கூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது என்றாராம். அவர் தமிழ்ப் பையன்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம்

இரண்டாவது அழைப்பு யாரிடமிருந்து வந்தது என்று போலீஸ் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் மறுநாள் மாலை மன்னிப்புக் கேட்க வீடு வீடாகப் போனபோது, நாலாவது வீட்டு அம்மா நாங்கள் வாய் திறப்பதற்குள் "நான்தான் கூப்பிட்டேன்" என்றார். உள்ளே அவருடைய தாயார் கட்டிலில் படுத்திருந்தார். வயது 81. இடுப்பில் அடி.

பாட்டி பிறந்தது இதே வட்டாரத் தோட்டம் ஒன்றில். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களை ஒடுக்கப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் 1948இல் தொடங்கியபோது ஐந்து வயது. அந்தக் காலத்தில் காட்டோரத்தில் இருந்த சுமார் ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றியும் முள்வேலி போட்டது நம் குடும்பங்களில் வாய்வழியாக இருக்கிற கதை. பாட்டி அதைச் சொன்னார். காலையில் பால் வெட்டப் போகும்போது கேட்டில் சோதனை. காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று சோறு கொண்டுபோக விடமாட்டார்கள். அவருடைய அப்பா வெறும் வயிற்றோடு போய் வெறும் வயிற்றோடு திரும்புவார். இரவில் சூட்டுச் சத்தம் கேட்டால் பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு அம்மா மேலே படுத்துக்கொள்வார்.

இரண்டாம் இரவு முழுக்கப் பாட்டி தூங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் இரவில் அலறல் சத்தம் வந்ததும் பக்கத்தில் படுத்திருந்த கொள்ளுப்பேத்தியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போகப் பார்த்து விழுந்திருக்கிறார். எலும்பு முறியவில்லை, அதுவே புண்ணியம். பாட்டி எங்களை ஒன்றும் சொல்லவில்லை, "சினிமாவா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். மகள் சொன்னார், நிறையச் சொன்னார். ஒரு வார்த்தையும் தப்பில்லை. "நாலு நாளைக்கு முன்னாடி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அம்மாவ தங்கச்சி வீட்டுல விட்டிருப்பேன்."

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இயக்குநர் மறுநாளே தொடர வேண்டும் என்றார். நாள் தள்ளினால் ஒளிப்பதிவாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார். நான் இரண்டு நாள் நிறுத்தினேன். காரணம் சட்டமல்ல, நாயகன். அவர் ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. மனைவி சுங்கை பட்டாணியிலிருந்து வந்து அவரைக் கூட்டிப்போகவே வந்ததாகச் சொன்னார். "அக்கா, படம் வரும் போகும். இவரு வீட்டுக்கு வரணும்" என்றார் என்னிடம். மீதி இரண்டு இரவும் மனைவி செட்டிலேயே இருப்பது, சீருடையில் கேட்டைத் தாண்டுவதில்லை என்று பேசி முடித்தோம்.

ஒலிபெருக்கியைத் திருப்பி அனுப்பினோம். அதற்குப் பதில் ஹெல்மெட்டுக்குள் சிறிய இயர்போன். நாயகனுக்கு மட்டும் சத்தம் கேட்கும். அவர் நடிப்பு கெடவில்லை. ஆனால் எதிரில் நின்றவர்கள் நேரம் தவறி அதிர்ந்தார்கள், பல ஷாட் வீணானது.

துப்பாக்கிகள் போலீசிடம். புதிதாகச் செய்யலாமா என்று பேச்சு வந்தது. கலை இயக்குநர் ஒரு வழி சொன்னார், அது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும்: கேமராவுக்குத் தெரிகிற பாகம் மட்டும் செய்வது. தோளில் படும் கட்டை ஒன்று, கையில் தெரியும் பிடி ஒன்று, இடுக்கில் நீட்டத் தனியாக ஒரு குழாய். எதையும் யாரும் தூக்கிக்கொண்டு நடந்தால் அது துப்பாக்கி மாதிரி இருக்காது. 'அரைத் துப்பாக்கி' என்று பெயர் வைத்தோம். இதனால் முழு உருவத்தில் அவன் ஆயுதத்தோடு நிற்கும் காட்சிகள் திரைக்கதையிலிருந்து போய்விட்டன.

இரண்டு நிலையங்களுக்கும் புதுக் கடிதம் கொடுத்தோம், ஒலி பற்றிய பத்தியோடு. வீட்டு வரிசைக்கும் தாமானுக்கும் தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் ஒரு பக்கத் தாள், அதில் என் கைப்பேசி எண். பத்தரைக்குமேல் கத்தும் காட்சி இல்லை. மண் பாதை சாலையில் சேரும் இடத்தில் வீட்டு வரிசைப் பையன்கள் இருவரை இரவுக்கு 80 வெள்ளிக்கு உட்கார வைத்தோம். வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்வதும், உள்ளே இருந்து சீருடையில் யாராவது வந்தால் திருப்பி அனுப்புவதும் அவர்கள் வேலை. கேட்டில் ஒரே ஒருவன் நின்று காக்கிற கதையை எடுத்துக்கொண்டு, எங்கள் கேட்டில் மூன்று இரவு யாருமே இல்லாமல் இருந்திருக்கிறோம்.

பின்விளைவு

கூடுதல் செலவு 6,400 வெள்ளி. உச்சக்காட்சியின் ஒரு பகுதியை ஆலையில் முடிக்க முடியாமல், கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டின் மாடியை இருட்டாக்கி எடுத்தோம். சுவரின் நிறம் சரியாகப் பொருந்தவில்லை, கூர்ந்து பார்த்தால் தெரியும்.

படம் 22 நிமிடத்தில் முடிந்தது. பிரிக்பீல்ட்சில் தெரிந்தவர்களுக்கு ஒரு சிறிய திரையிடல் வைத்தோம். ராணுவப் படம் என்று வந்தால் சண்டை இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். இயக்குநர் அங்கிளின் தோட்டாக் கணக்கைச் சொன்னார், கைதட்டல் கிடைத்தது. பறிமுதல் பற்றிச் சொல்லவில்லை. பின்வரிசையில் இருந்த அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பாட்டிக்கு இடுப்பு வலி சரியாக ஒன்றரை மாதம் ஆனது. மருத்துவச் செலவைக் கொடுத்தோம். மகள் வாங்கிக்கொண்டார், ஆனால் தைப்பூசத்தன்று பந்தலில் பார்த்தபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. பாட்டி இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை என்று பையன்களில் ஒருவன் சொன்னான். அது எங்களுக்கு முன்பே இருந்த பழக்கமா, எங்களால் வந்ததா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி மாற்றிச் செய்வது

கடிதம் கொடுப்பதற்கு முன்னால் சத்தம் எங்கே போகும் என்று நடந்து பார்ப்பேன். ஒருவர் செட்டில் சத்தம் போட, இன்னொருவர் இரவு பத்து மணிக்குக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேர வேலை. எந்த வீட்டுக்குச் சொல்ல வேண்டும், எந்தப் போலீஸ் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். வீடுகளில் வயதானவர்கள், கைக்குழந்தை, நோயாளி யாராவது இருக்கிறார்களா என்று கேட்பேன். தோட்டத்து வழி வந்த குடும்பங்களில் எண்பது வயதுக்காரர்களுக்குச் சூட்டுச் சத்தம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நான் பாட்டி வீட்டு வாசல் வரை போயிருக்க வேண்டியதில்லை. என் சொந்தப் பாட்டியே சொல்லியிருக்கிறார்.

திட்டத்தில் ஒன்று மாறினால் கடிதமும் மாற வேண்டும். ஒலிபெருக்கி பத்து நிமிடத்தில் எடுத்த முடிவு. பத்து நிமிடத்தில் எடுக்கும் முடிவுகளைத்தான் மறுநாள் காலை வரை தள்ளிப்போட வேண்டும். அனுமதி நகல் காரில் இருக்கக்கூடாது, செட்டில் மூன்று பேரின் கைப்பேசியில் இருக்க வேண்டும். போலீஸ் வந்தால் யார் பேசுவது, மற்றவர்கள் எங்கே உட்காருவது என்பதை முதல் நாளே நடித்துப் பார்க்க வேண்டும். அங்கிள் இதை முன்பே கேட்டார், நேரமில்லை என்று நான் சொன்னேன்.

பதிவேடு வைத்திருப்பவரை வேறு வேலைக்கு அனுப்பக்கூடாது. சாப்பாடு வாங்க நானே போயிருக்கலாம்.

நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. நாலாம், ஐந்தாம் இரவுப் பக்கங்களில் அரைத் துப்பாக்கிகளின் எண்களும் அங்கிளின் கையெழுத்தும் நிறைந்திருக்கின்றன. மூன்றாம் இரவுப் பக்கத்தில் 11.20க்கு நாயகன் போட்ட கையெழுத்து இருக்கிறது. திரும்ப வைத்த நேரம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது.